திருப்பித் தரப்படும் வரியும் நுகர்வோர் தேர்வும்: ஒரு கருத்தின் வரலாறு

முன்னுரை

ஒரு பொருளின்மீது அரசு வரி விதிக்கிறது. அவ்வரியால் திரண்ட தொகை முழுவதையும் மக்களுக்கே பகிர்ந்தளித்துவிடுகிறது. இந்நிலையில் அப்பொருளின் நுகர்வு குறையுமா? ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுப்பதால் நிகழக்கூடிய மாற்றம் யாது என்னும் ஐயம் இவ்வினாவைக் கேட்ட அளவிலேயே எழுவது இயல்பு. திரும்பக் கிடைத்த தொகையைக் கொண்டு மக்கள் மீண்டும் அதே பொருளையே வாங்கிவிடுவர் என்பது அவ்வையத்தின் சாரம்.

நுண்ணினப் பொருளியல் இதற்குத் தெளிவான விடை ஒன்றினை வைத்துள்ளது. நுகர்வு குறையும் என்பதே அவ்விடை. எனினும், இவ்விடையை நம்பித் திட்டம் வகுத்த அரசுகள் இடர்ப்பட்டுள்ளன. 1977இல் அமெரிக்காவில் முன்மொழியப்பட்ட திட்டம் சட்டமாகவே இல்லை. 2019இல் கனடாவில் நடைமுறைக்கு வந்த திட்டம் 2025இல் கைவிடப்பட்டது. கோட்பாடு சரியாயின் நடைமுறை தடுமாறியது ஏன் என்பதனை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கிறது. 1915 முதல் 2025 வரையிலான காலப்பகுதி ஆய்வெல்லையாகக் கொள்ளப்படுகிறது.

சொல்லும் பொருளும்

வரிச்சுமையைக் குறைக்கும் முறைகள் பல. அவற்றைக் குறிக்கும் சொற்களும் பல. விலக்கு, தள்ளுபடி, கழிவு ஆகியன பேச்சு வழக்கில் ஒன்றுக்கொன்று மாற்றி வழங்கப்படினும், நுகர்வோரிடத்தில் அவை விளைவிக்கும் மாற்றங்கள் வேறுவேறானவை. தமிழ்க் கல்வெட்டுகளில் பயிலும் 'இறையிலி' என்னும் சொல் வரி நீக்கப்பெற்ற நிலத்தைச் சுட்டும். முதற் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் பெயர் பெற்றமையும் வரி நீக்கம் பற்றியதே. இவ்விரண்டிலும் வரி தொடக்கத்திலேயே இல்லாமற் போகிறது. ஆகவே, விலையில் வரியின் சுவடு தங்குவதில்லை.

இக்கட்டுரை ஆராயும் முறை இதனின்று வேறுபட்டது. இங்கு வரி வாங்கப்படுகிறது. பொருளின் விலை உயர்கிறது. உயர்ந்த விலை அப்படியே நிற்கிறது. திரண்ட தொகை மட்டும் வேறொரு வழியாக மக்களைச் சென்றடைகிறது. அவ்வாறு சென்றடையும் தொகை இக்கட்டுரையில் 'மீள்தொகை' எனச் சுட்டப்பெறும். மீள்தொகை ஒருவர் வாங்கிய அளவைப் பொறுத்து அமையாமல், அனைவருக்கும் பொதுவான அளவில் அமைதல் இம்முறையின் உயிர்நாடியாகும்.

சிலட்ஸ்கி முதல் ஹிக்ஸ் வரை

விலை மாறும்போது நுகர்வோர் தேர்வில் இருவகை விளைவுகள் கலந்து தோன்றுகின்றன. ஒரு பொருளின் விலை ஏறினால், பிற பொருள்கள் ஒப்பீட்டளவில் மலிவாகின்றன. ஆகவே நுகர்வோர் அவற்றை நாடுகிறார். இது பதிலீட்டு விளைவு. அதே வேளையில், கையிலுள்ள பணம் முன்னைவிடக் குறைந்த பொருள்களையே வாங்கும். நுகர்வோர் ஏழையானதற்கு ஒப்பான நிலை தோன்றுகிறது. இது வருமான விளைவு.

இவ்விரு விளைவுகளையும் கணித வழியில் பிரித்துக் காட்டியவர் யூஜென் சிலட்ஸ்கி. கீவ் நகரில் பணியாற்றிய இவர், நுகர்வோரின் வரவு செலவு பற்றிய தம் கட்டுரையை 1915இல் இத்தாலிய மொழியில் வெளியிட்டார். முதல் உலகப்போர் நிகழ்ந்துகொண்டிருந்த காலமாதலின் அக்கட்டுரை பரவலான கவனத்தைப் பெறவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், 1934இல், ஜே.ஆர். ஹிக்ஸும் ஆர்.ஜி.டி. ஆலனும் இம்முடிவைத் தாமே வேறாகக் கண்டடைந்து எகனாமிகா இதழில் வெளியிட்டனர். அதன் பின்னரே சிலட்ஸ்கியின் முன்னோடிப் பணி ஆங்கிலம் வழங்கும் உலகிற்குத் தெரியவந்தது. 1939இல் வெளிவந்த ஹிக்ஸின் 'மதிப்பும் மூலதனமும்' என்னும் நூலில் இப்பகுப்பு நுகர்வோர் கோட்பாட்டின் அடிப்படையாக நிலைபெற்றது.

இப்பகுப்பிற்கும் மீள்தொகைக்கும் உள்ள தொடர்பு நேரானது. விலையை உயர்த்திய பின் நுகர்வோர்க்கு ஈட்டுத்தொகை கொடுத்து வருமான விளைவை நீக்கினால், எஞ்சுவது பதிலீட்டு விளைவு மட்டுமே. பழைய பொருள்தொகுதியை மீண்டும் வாங்கப் போதுமான ஈட்டினைச் சிலட்ஸ்கி கருதினார். பழைய மனநிறைவை எட்டப் போதுமான ஈட்டினை ஹிக்ஸ் கருதினார். இருவருக்கும் ஈடு என்பது ஆய்வுக் கருவியே. பிற்காலத்து அரசுகளோ அதற்கு நிகரானதொன்றைக் காசோலையாகவும் வங்கி வரவாகவும் வழங்க முற்பட்டன.

எண்வழி விளக்கம்

எடுத்துக்காட்டாக, மாதம் 1000 ரூபாய் செலவிடும் ஒரு சராசரிக் குடும்பத்தைக் கருதலாம். பெட்ரோல் லிட்டர் 10 ரூபாய் எனவும், அக்குடும்பம் 40 லிட்டர் வாங்கி, எஞ்சிய 600 ரூபாயைப் பிறவற்றிற்குச் செலவிடுகிறது எனவும் கொள்க. லிட்டருக்கு 5 ரூபாய் வரி விதிக்கப்படவே விலை 15 ரூபாயாகிறது. திரண்ட வரி குடும்பந்தோறும் சமமாகப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. இந்நிலையில் சராசரி நுகர்வு 32 லிட்டராகக் குறைகிறது எனின், மீள்தொகை 160 ரூபாயாகும். குடும்பத்தின் மொத்தப் பணம் 1160 ரூபாய். பெட்ரோலுக்கு 480 ரூபாய் போக, பிறவற்றிற்கு 680 ரூபாய் எஞ்சும்.

இங்கு மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, ஒவ்வொரு கூடுதல் லிட்டருக்கும் இக்குடும்பம் 15 ரூபாய் கொடுத்தே ஆகவேண்டும். தான் கூடுதலாக வாங்குவதால் தன் மீள்தொகை குறிப்பிடத்தக்க அளவில் உயராது. அது அனைவருக்கும் பொதுவானது. ஆகவே, வாங்கும் நேரத்தில் நுகர்வோரின் கண்முன் நிற்பது உயர்ந்த விலையே. 'வாங்கியதையே கொடுத்தால் என்ன பயன்' என்னும் ஐயத்திற்குக் கோட்பாடு தரும் விடை இதுவே.

இரண்டாவது, நுகர்வு குறையும் என்பது வெறும் எதிர்பார்ப்பன்று. தருக்க வழியில் பெறப்படும் முடிவாகும். நுகர்வு 40 லிட்டரைத் தாண்டியது என ஒரு வாதத்திற்காகக் கொண்டால், மீள்தொகை 200 ரூபாயைத் தாண்டும். அப்போது பழைய தொகுதியாகிய 40 லிட்டரும் 600 ரூபாய்ப் பிற பொருள்களும் குடும்பத்தின் கைக்கு எட்டும். முன்பு பல தொகுதிகளுள் அதனையே சிறந்ததெனத் தேர்ந்த குடும்பம், இப்போது அதனை விடுத்து, முன்பே வாங்கக்கூடியதாயிருந்தும் ஒதுக்கிய வேறொரு தொகுதியை நாடுதல் முரண்பாடாகும். ஆதலின் நுகர்வு கூடுதற்கு இடமில்லை.

மூன்றாவது உண்மை பெரும்பாலும் கவனிக்கப்படாதது. 32 லிட்டரும் 680 ரூபாய்ப் பிற பொருள்களும் கொண்ட புதிய தொகுதி, பழைய விலையில் சரியாக 1000 ரூபாய்க்குக் கிடைத்திருக்கக்கூடியது. அதாவது, வரிக்கு முன்னரே குடும்பம் அதனைத் தேர்ந்திருக்கலாம், தேர்ந்திலது. பழைய தொகுதியைப் புதிய விலையில் வாங்க 1200 ரூபாய் வேண்டும், கையிலிருப்பதோ 1160. வரி முழுவதும் திரும்பக் கிடைத்தும் சராசரிக் குடும்பம் சிறிதளவு நலிவுறுகிறது. காற்று மாசு குறைதல், இறக்குமதிச் சார்பு தணிதல் முதலிய பொதுநலன்கள் அச்சிறு நலிவினும் பெரியனவாக இருந்தால் மட்டுமே இத்தகைய வரி நியாயமுடையதாகும்.

இவை யாவும் சராசரிக் குடும்பத்தைப் பற்றியவை. மாதம் 8 லிட்டர் மட்டுமே வாங்கும் குடும்பம் 40 ரூபாய் வரி செலுத்தி 160 ரூபாய் பெறுகிறது. 60 லிட்டர் வாங்கும் குடும்பம் 300 ரூபாய் செலுத்தி அதே 160 ரூபாயைப் பெறுகிறது. பொதுவாக மிகுதியாக எரிபொருள் வாங்குவோர் வசதி படைத்தோராதலின், இம்முறை ஏழைகளுக்குச் சார்பானது எனக் கருதப்படுகிறது. ஆயினும், பேருந்து வசதியற்ற ஊரிலிருந்து நெடுந்தொலைவு பயணம் செய்யும் தொழிலாளி வருமானத்தில் ஏழையாகவும் நுகர்வில் மிகுதியுடையவராகவும் இருத்தல் கூடும். சராசரியில் மறையும் இத்தகையோரே பின்னர் எழுந்த எதிர்ப்புகளில் முதன்மை பெற்றனர்.

எண்ணெய் நெருக்கடியும் அமெரிக்க முயற்சியும்

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. ஒரு பீப்பாய் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ 3 டாலரிலிருந்து 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. அமெரிக்காவில் பெட்ரோல் நிலையங்களின் முன் நீண்ட வரிசைகள் தோன்றின. பெட்ரோல் நுகர்வைக் குறைக்கும் வழிகளுள் ஒன்றாக, வரியை உயர்த்தித் தொகையை மக்களுக்கே திருப்பிக் கொடுக்கும் கருத்து அக்காலத்தில் முன்வைக்கப்பட்டது. 1987இல் முதற்பதிப்பு வெளிவந்த ஹால் வேரியனின் நுண்ணினப் பொருளியல் பாடநூல் இந்நிகழ்ச்சியையே எடுத்துக்காட்டாகக் கொண்டு சிலட்ஸ்கியின் சமன்பாட்டை விளக்குகிறது. அதன்வழி இக்கருத்து உலகெங்கும் வகுப்பறைகளை அடைந்தது.

1977 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் தம் ஆற்றல் திட்டத்தை நாடாளுமன்றத்தின்முன் வைத்தார். நாட்டின் பெட்ரோல் நுகர்வு குறித்த இலக்கைத் தாண்டினால் ஆண்டுதோறும் கேலனுக்கு 5 சென்ட் வரி கூடும். உச்ச அளவு 50 சென்ட். திரளும் தொகை மக்களுக்குத் திருப்பித் தரப்படும் என்பது அத்திட்டத்தின் ஒரு கூறாகும். நாடாளுமன்றம் இக்கூறினை ஏற்கவில்லை. 1978இல் நிறைவேறிய சட்டத்தில் மிகுதியாக எரிபொருள் குடிக்கும் கார்கள்மீதான வரி மட்டும் இடம்பெற்றது. 1980ஆம் ஆண்டுத் தேர்தலில் சுயேச்சை வேட்பாளர் ஜான் ஆண்டர்சன், கேலனுக்கு 50 சென்ட் வரி விதித்து, அதற்கு ஈடாகச் சமூகப் பாதுகாப்பு வரியைப் பாதியாகக் குறைக்கும் திட்டத்தை முன்வைத்தார். அவர் பெற்ற வாக்குகள் 7 விழுக்காட்டினும் குறைவு.

அமெரிக்க முயற்சி தரும் பாடம் ஒன்றுண்டு. பெட்ரோல் நிலையத்தில் விலை ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரிகிறது. மீள்தொகையோ பிறிதொரு காலத்தில், பிறிதொரு கணக்கில், பிறிதொரு பெயரில் வருகிறது. சமன்பாட்டில் இவ்விரண்டும் ஒரே வரியில் எழுதப்படுகின்றன. குடும்பத்தின் வாழ்வில் அவை வெவ்வேறு மாதங்களில் நிகழ்கின்றன.

கனடா: கருத்து நடைமுறையான இடம்

பருவநிலை மாற்றம் பற்றிய கவலை இக்கருத்திற்குப் புத்துயிர் அளித்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2008 ஜூலை 1 முதல் எரிபொருள்கள்மீது டன்னுக்கு 10 டாலர் என்னும் அளவில் கார்பன் வரியை விதித்தது. அது ஆண்டுதோறும் உயர்ந்து 2012இல் 30 டாலராயிற்று. திரண்ட தொகைக்கு ஈடாக வருமான வரி குறைக்கப்பட்டது. வருமானம் குறைந்தோர்க்குத் தனித்தொகை வழங்கப்பட்டது. இவ்வரி மாகாணத்தின் பசுமைக்குடில் வாயு வெளியீட்டை 5 முதல் 15 விழுக்காடு வரை குறைத்தது என, பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2015ஆம் ஆண்டு ஆய்வொன்று மதிப்பிட்டது. வரித்தொகை மக்களையே சென்றடைந்தபோதும் தேர்வு மாறியது. சிலட்ஸ்கியின் பகுப்பிற்கு நடைமுறை தந்த சான்றாக இதனைக் கொள்ளலாம்.

2018இல் நிறைவேறிய சட்டத்தின்படி, கனடா நடுவண் அரசு தமக்கெனத் தகுந்த திட்டம் இல்லாத மாகாணங்களில் 2019 ஏப்ரல் முதல் எரிபொருள் கட்டணத்தை விதித்தது. டன்னுக்கு 20 டாலரில் தொடங்கிய இது 2024இல் 80 டாலரை எட்டியது. தொகையில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடும்பங்களுக்கே வழங்கப்பட்டது. தொடக்கத்தில் ஆண்டு வருமான வரிக் கணக்கின் ஒரு பகுதியாக இது கொடுக்கப்பட்டமையின் பலர் அதனைத் தனித்து உணரவில்லை. 2022 ஜூலை முதல் மூன்று மாதத்திற்கு ஒருமுறை நேரடியாக வழங்கப்பட்டது. வங்கிக் கணக்கில் அத்தொகை எப்பெயரில் பதிவாகிறது என்பதே விவாதப்பொருளாயிற்று. 2024இல் அதன் பெயர் 'கனடா கார்பன் மீள்தொகை' என்னும் பொருள்பட மாற்றப்பட்டது.

கனடாவையும், வெப்பமூட்டும் எரிபொருள்கள்மீதான வரியின் பெரும்பகுதியை மக்களுக்குத் திருப்பித் தரும் சுவிட்சர்லாந்தையும் ஆராய்ந்து 2022இல் 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' இதழில் வெளிவந்த கட்டுரை, மக்கள் தாம் பெறும் மீள்தொகையைச் சரிவர அறிந்திருக்கவில்லை எனவும், மீள்தொகை வரிக்கான ஆதரவைப் பெரிதும் உயர்த்தவில்லை எனவும் காட்டியது. 2023 அக்டோபரில் வெப்பமூட்டும் எண்ணெய்க்கு மட்டும் கட்டணம் தற்காலிகமாக நீக்கப்பட்டது. ஒரு சாரார்க்கு விலையையே தளர்த்திய இந்நடவடிக்கை திட்டத்தின் அடிப்படையை ஆட்டங்காணச் செய்தது. 2025 ஏப்ரல் 1 முதல் நுகர்வோர்மீதான கட்டணம் முற்றிலும் நீக்கப்பட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவும் அதே நாளில் தன் நுகர்வோர் கார்பன் வரியை முடித்துக்கொண்டது.

இந்திய அனுபவம்

இந்தியாவில் இக்கருத்து மானியச் சீர்திருத்தத்தின் வடிவில் தோன்றியது. மானியத்தை விலக்கிப் பொருளைச் சந்தை விலையில் விற்றல், நுகர்வோரைப் பொறுத்தவரை வரி விதித்தலை ஒத்தது. அம்மானியத்தை வங்கிக் கணக்கில் செலுத்துதல் மீள்தொகையை ஒத்தது.

இராசத்தான் மாநிலம் ஆல்வார் மாவட்டத்துக் கோட்காசிமில் 2011 டிசம்பரில் மண்ணெண்ணெய்க்கு இம்முறை சோதனையாக நடைமுறைப்படுத்தப்பட்டது. லிட்டர் ஏறத்தாழ 15 ரூபாய்க்கு விற்ற மண்ணெண்ணெய், அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு விலைக்கு விற்கப்பட்டது. விற்பனை பெருமளவு சரிந்தது. கள்ளச்சந்தைக்குச் சென்றது நின்றமையே காரணம் என ஒரு சாரார் கூறினர். எனினும், பல குடும்பங்களுக்கு மானியத்தொகை காலத்தாழ்வாகவே வந்தது, சிலர்க்கு வரவேயில்லை. தொகை வராத குடும்பத்திற்கு அது வெறும் விலையேற்றமே. ஆகவே, அச்சரிவில் கடத்தல் ஒழிந்தமை, மக்கள் மாற்று எரிபொருளை நாடியமை, வாங்க வழியின்றி விளக்கைக் குறைத்துக்கொண்டமை ஆகிய மூன்றும் கலந்துள்ளன. விற்பனைப் புள்ளி ஒன்றனைக் கொண்டு இம்மூன்றையும் பிரித்தறிதல் இயலாது.

சமையல் எரிவாயுவிற்கான நேரடி மானியத் திட்டம் 2013 ஜூனில் 20 மாவட்டங்களில் தொடங்கி, 2014இன் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டு, 2014 நவம்பரில் 'பகல்' என்னும் பெயரில் மீண்டும் தொடங்கியது. 2015 சனவரி 1 முதல் அது நாடு முழுவதும் விரிந்தது. இதன் அமைப்பு நுண்ணிய வேறுபாடு ஒன்றினை உடையது. ஆண்டுக்கு 12 உருளைகள் வரை, வாங்கும் ஒவ்வோர் உருளைக்கும் மானியம் வரவு வைக்கப்பட்டது. வாங்கினால்தான் தொகை; வாங்காவிடில் இல்லை. ஆகவே, முதல் 12 உருளைகளின் நிகர விலை மாறவில்லை. பதிலீட்டு விளைவு தோன்ற இடமுமில்லை. போலி இணைப்புகளையும் கடத்தலையும் தடுத்தலே இதன் நோக்கமாதலின் இது குறையாகாது. ஆயினும், முழு விலையை முதலில் செலுத்திப் பின்னர் தொகைக்குக் காத்திருத்தல், நாட்கூலி பெறும் குடும்பத்திற்குக் கணக்கில் தோன்றாத சுமையாயிற்று.

2020இல் உலகச் சந்தையில் விலை வீழ்ந்தபோது பெரும்பாலான நுகர்வோர்க்கு இத்தொகை நின்றது. பின்னர் விலை ஏறியபோது அது பழையபடி திரும்பவில்லை. 2022 மே மாதம் உஜ்வலா பயனாளிகளுக்கு மட்டும் உருளைக்கு 200 ரூபாய் அறிவிக்கப்பட்டது. 2023 அக்டோபரில் அது 300 ரூபாயாயிற்று. விலையில் கலந்த மானியத்தைக் குறைத்தால் மக்கள் அன்றே அறிவர். விலையிலிருந்து பிரிக்கப்பட்ட தொகையோ ஓசையின்றிச் சுருங்க வல்லது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு. திருப்பித் தரப்படினும் வரி நுகர்வோர் தேர்வை மாற்றும் என்னும் கோட்பாடு தருக்கத்தாலும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் அனுபவத்தாலும் உறுதிப்படுகிறது. மீள்தொகை வாங்கிய அளவோடு பிணைக்கப்படாதபோதே இம்மாற்றம் நிகழும்; பிணைக்கப்படின் அது விலைக்குறைப்பாகவே மாறிவிடும். சராசரிக் குடும்பத்தின் கணக்கு, நுகர்வைக் குறைக்க வழியற்ற எளியவரின் நிலையைக் காட்டாது.

இவற்றினும் முதன்மையானது மற்றொன்று. மீள்தொகை உடனே, முழுமையாக, ஐயத்திற்கு இடமின்றிக் கைவரும் என்னும் எடுகோளின்மீதே கோட்பாடு நிற்கிறது. அவ்வெடுகோளை மெய்யாக்கும் பொறுப்பு சமன்பாட்டிற்கு உரியதன்று, அரசிற்கு உரியது. கோட்காசிமில் தொகை வந்து சேரவில்லை. கனடாவில் வந்த தொகை உணரப்படவில்லை. இரண்டிடத்தும் மக்கள் அறிந்தது விலையை மட்டுமே. பொருளை ஈட்டுதலோடும் காத்தலோடும் அமையாது, வகுத்தலிலும் வல்லதாதல் வேண்டும் என அரசிற்குத் திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் இலக்கணம் வகுத்தது. மீள்தொகையின் நூற்றாண்டு வரலாறு அவ்வகுத்தலின் அருமையையே எடுத்துக்காட்டுகிறது. வரி விதிக்கும் சட்டம் எத்துணை உறுதியோடு எழுதப்படுகிறதோ, அத்துணை உறுதியோடு அதனைத் திருப்பித் தரும் முறையும் சட்டத்தில் அமைந்தாலன்றி, ஏழைக் குடும்பத்தின் தேர்வு மாற்றம் தேர்வாக இராது, இழப்பாகவே அமையும்.